மண்ணைச் சலித்த மனிதர்!

குட்டீஸ்... நீங்கள் வாழைத்தோட்டம் பக்கம் போயிருக்கிறீர்களா?

குலை தள்ளி, காய் முற்றி, இன்னும் சில வாரங்களில் தார் வெட்ட வேண்டிய நேரம். அப்போது பார்த்து, பெரிய காற்றுகூட இல்லாமல் மரம் வேரோடு சாய்ந்து கிடக்கும். இலையில் பூச்சி இல்லை; தண்டில் ஓட்டை இல்லை. தண்ணீரும் உரமும் சரியாகத்தான் கொடுத்திருப்பார் விவசாயி. பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் மண்ணில் கிடந்தால், அவருக்கு எப்படி இருக்கும்?

அந்த மரத்தின் வேர் ஒன்றை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், சில சமயம் கருஞ்சிவப்பாக அழுகி இருக்கும். அந்தத் துணுக்கைத் தண்ணீரில் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால்... அட, ஏதோ நெளிகிறதே! கண்ணாடி நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது போல, ஒரு மில்லி மீட்டர் நீளம்கூட இல்லாத புழுக்கள். இவற்றுக்கு நூற்புழு என்று பெயர். வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதை வேரில் குத்தி, சாற்றை உறிஞ்சும். நம் வாழையைச் சாய்த்த புழு இன்னும் பொல்லாதது. வேருக்குள்ளேயே புகுந்து, சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வேர் அழுகினால், மரத்தை எது பிடித்து நிறுத்தும்?

இந்தப் புழுவை முதன்முதலில் கண்டுபிடித்து, உலகத்துக்குக் காட்டியவர்தான் நேதன் அகஸ்டஸ் காப்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பென்சர் என்ற ஊரில், 1859 ஜூன் 30-ம் தேதி பிறந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை என்றால் செல்லம் கொடுத்தே வளர்த்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதிலேயே பண்ணை வேலை எல்லாம் அத்துப்படி. பிற்காலத்தில் தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே வடிவமைத்தாரே, அந்தக் கைப்பழக்கம் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

வொர்செஸ்டர் நகரில் இருந்த தொழிற்கல்லூரியில் படித்து, 1881-ல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு, ஆலிஸ் என்ற பெண்ணுடன் திருமணம். ஈஸ்ட்ஹாம்ப்டன் ஊரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. ஆறு ஆண்டுகள் பாடம் நடத்தினார். ஓய்வு நேரத்தில் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை! ஆமர்ஸ்ட் என்ற ஊரைச் சுற்றி 30 மைல் தூரத்துக்குள் தானாக வளரும் செடிகளை எல்லாம் பட்டியல் போட்டு, 1887-ல் வெளியிட்டார்.

கைநிறைய வேலை, வீடு, குழந்தைகள்... யாராக இருந்தாலும் அப்படியே இருந்துவிடுவார்கள். காப்புக்கு அது போதவில்லை. வேலையை விட்டுவிட்டு, மனைவி, குழந்தைகளோடு கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போனார். ஜெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பத்தே மாதங்களில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதியது ஜெர்மன் மொழியில்! அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? திமிங்கிலத்தின் உடலுக்குள் வாழ்ந்த நூற்புழுக்கள். அன்று பிடித்த புழுவை, கடைசி வரை அவர் விடவே இல்லை.

சில காலம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கடல் உயிரிகளை ஆராய்ந்துவிட்டு, 1889-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் போய் இறங்கினார். டாக்டர் பட்டம் இருந்தது; வேலைதான் இல்லை! குடும்பம் பசியாற வேண்டுமே... ஒரு வணிக நிறுவனத்துக்கு விளம்பரம் தயாரிக்கும் வேலையைச் செய்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலை. 1890-ல் நியூ சவுத் வேல்ஸ் வேளாண் துறை அவரை அழைத்துக்கொண்டது. பயிர் நோய்களைக் கவனிப்பதையே முழுநேர வேலையாகச் செய்த முதல் ஆள், ஆஸ்திரேலியாவில் அவர்தான்.

பயிருக்கு டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கரும்பைப் பிளந்தால் கோந்து போல மஞ்சள் திரவம் வடியும் நோய் ஒன்று அங்கே பரவியது. அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1893-ல் எழுதினார். கோதுமை இலையில் துரு பிடித்தது போலத் தோன்றும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளந்து சொல்ல, படங்களோடு ஓர் அளவுமுறையையும் உருவாக்கினார். பின்னால் வந்தவர்கள் திருத்தி அமைத்த அந்த அளவுமுறையை, கோதுமை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான், 1891-ல் பிஜித் தீவு வாழையின் அழுகிய வேர்கள் அவர் நுண்ணோக்கிக்கு வந்தன. அதில் நெளிந்த புழுவை வரைந்து, விவரம் எழுதி, பெயரும் வைத்து 1893-ல் வெளியிட்டார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1905-ல் காப் ஹவாய்த் தீவுக்குப் போய், கரும்புத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே கரும்பு வேரில் ஒரு புழுவைப் பார்த்தார். புதுப் புழு என்று நினைத்து, அதற்குப் புதுப் பெயர் சூட்டிவிட்டார். உண்மையில் அது அவருடைய பழைய வாழைப் புழுவேதான்! இந்தப் புழுவில் ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கே வேறு வேறு மாதிரி இருக்கும். பெண் புழுவுக்குத் தலையில் பலமான ஊசி. ஆணுக்கோ அந்த ஊசி ஒப்புக்குத்தான். அது வேரைத் தின்பதே இல்லை. யாராக இருந்தாலும் ஏமாந்து போவார்கள்.

ஆனால், காப் அதோடு விடவில்லை. 1915-ல், கரும்பு வேரை நோயாக்குவதும் வாழை வேரை நோயாக்குவதும் ஒரே புழுதான் என்று தானே கட்டுரை எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே அடித்துத் திருத்துவது லேசான காரியமா? பரீட்சையில் நாம் எழுதிய விடை தப்பு என்று நாமே ஆசிரியரிடம் போய்ச் சொல்வது மாதிரி! இந்தத் திருத்தத்தால் ஒரு பெரிய விஷயம் விளங்கியது. ஒரு பயிரில் உள்ள புழு இன்னொரு பயிருக்கும் தாவும். நோயுள்ள கன்றை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால், புழுவும் டிக்கெட் எடுக்காமல் கூடவே போய்விடும்.

1907-ல் காப் அமெரிக்கா திரும்பி, வாஷிங்டனில் வேளாண் துறையில் சேர்ந்திருந்தார். முதலில் அவருக்குக் கொடுத்த வேலை பருத்தியைத் தரம் பிரிப்பது. அதையும் ஒழுங்காகச் செய்தார். மனசு மட்டும் புழுவிடம்தான். நூற்புழு பயிரைத் தாக்கும் என்பது அப்போதே பழைய செய்தி. கோதுமைக்குள் அதை 1743-லேயே ஒருவர் பார்த்துவிட்டார். ஆனாலும் மற்றப் புழுக்களைப் படிப்பவர்கள் போகிற போக்கில் எட்டிப் பார்க்கும் ஒன்றாகத்தான் அது இருந்தது. இது தனிப் படிப்பு என்று 1914-ல் எழுதி, நூற்புழுவியல் என்று அந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் பெயரும் சூட்டினார் காப்.

அந்தக் கட்டுரையில் ஒரு கற்பனை வரும். பூமியில் நூற்புழுக்களைத் தவிர மற்ற எல்லாமே மறைந்துவிட்டால்கூட, எங்கே மலை இருந்தது, எங்கே ஆறு ஓடியது என்று அந்தப் புழுக்கூட்டத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாமாம். அவ்வளவு இடத்திலும் அவை இருக்கின்றன என்பதைச் சொல்ல இப்படி ஒரு வழி! அண்டார்க்டிகாவுக்குப் போன ஷாக்கிள்டன் குழு கொண்டுவந்த கடல் நூற்புழுக்களையும் இவர்தான் ஆராய்ந்தார்.

இருப்பது தெரிகிறது, எண்ணுவது எப்படி? ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழுக்களை எப்படிப் பொறுக்குவது? அம்மா அரிசி களைவதையும் மாவு சலிப்பதையும் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதேதான்! மண்ணை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். சில வினாடிகள் விட்டால், மணலும் கல்லும் அடியில் தங்கிவிடும். லேசான புழுக்கள் தண்ணீரில் மிதந்தபடி இருக்கும். அந்தக் கலங்கல் நீரை மெதுவாகச் சல்லடையில் ஊற்றினார். முதலில் பெரிய கண் சல்லடை. அதில் குப்பை நிற்கும். பிறகு இன்னும் சின்னக் கண், அதைவிடச் சின்னக் கண். கடைசிச் சல்லடைகளில் புழுக்கள் மாட்டிக்கொள்ளும். 1918-ல் அவர் எழுதி வைத்த இந்த முறை, இன்றும் வேளாண் கல்லூரிகளில் சொல்லித் தரப்படுகிறது. வயலில் புழு எத்தனை என்று தெரிந்தால்தானே, அங்கே எந்தப் பயிரை வைப்பது என்று விவசாயிக்குச் சொல்ல முடியும்?

பிடித்த புழுவைப் பார்க்கவும் ஒரு தந்திரம் செய்தார். சாதாரணக் கண்ணாடிச் சில்லில் புழுவை ஒரு பக்கம்தான் நன்றாகப் பார்க்கலாம். அவர் அலுமினியச் சட்டத்தில் இரண்டு மெல்லிய கண்ணாடிகளைப் பொருத்தி, நடுவில் புழுவை வைத்தார். திருப்பிப் போட்டால் மறுபக்கமும் தெளிவாகத் தெரியும்! இப்படியே பார்த்துப் பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூற்புழு வகைகளை விவரித்தார்.

எல்லா நூற்புழுவும் கெட்டதில்லை, குட்டீஸ். மற்ற நூற்புழுக்களைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரப் புழுக்களும் மண்ணில் உண்டு. 1917-ல் காப் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அவற்றைப் பிடித்துக்கொண்டுபோய் வயலில் விட்டால், அவையே பயிரைக் காக்குமே என்பது அவர் யோசனை. அவருடன் பணியாற்றிய ஸ்டைனர், இன்னொருவருடன் சேர்ந்து ஒரு வேட்டைக்காரப் புழுவைக் கவனித்தபோது, 12 வார வாழ்நாளில் அது 1,332 புழுக்களைக் கொன்றதாம்! ஆனாலும் யோசனை பலிக்கவில்லை. அந்தப் புழுக்களை மொத்தமாக வளர்ப்பது கஷ்டம், மெதுவாகத்தான் பெருகும்.

காப்புக்கு ஏழு குழந்தைகள். சிட்னியில் பிறந்த மகள் ஃப்ரீடாவும் விஞ்ஞானியானார். பாம்பின் கறுப்பு நிறம் பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு எந்தக் கணக்கில் வருகிறது என்று கணவருடன் சேர்ந்து கண்டறிந்தவர் அவர். அப்பாவின் வாழ்க்கையைப் பற்றி 1957-ல் கட்டுரை எழுதியவரும் அவரே.

கடைசி வரை ஆராய்ச்சியை விடாத காப், 1932 ஜூன் 4-ம் தேதி, பால்டிமோர் நகர மருத்துவமனையில் காலமானார். 73-வது பிறந்தநாளுக்கு இன்னும் 26 நாட்கள் இருந்தன.

அவர் பிஜி வாழையில் பார்த்த புழு, இந்தியாவில் கேரள வாழைகளில் இருப்பதாக 1966-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு வாழைக்கும் அது எதிரிதான். அதனால்தான் கன்று நடும் முன், கிழங்கில் உள்ள வேரையும் அழுகலையும் சுத்தமாகச் சீவி எடுக்கிறார்கள். வாழைக்கு நடுவே செண்டுமல்லி போடுவதும் உண்டு. அதன் வேர் சில வகை நூற்புழுக்களுக்கு ஆகாது. ஊர்ப்பக்கம் போகும்போது வாழைக்கு நடுவில் மஞ்சள் பூ தெரிந்தால், எதற்கு என்று தோட்டக்காரத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

விஞ்ஞானிகள் இந்தப் புழுவை ரடோஃபோலஸ் சிமிலிஸ் என்று அழைக்கிறார்கள். உயிரினத்தின் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவரையும் ஆண்டையும் எழுதுவது வழக்கம். இதற்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, காப், 1893. இன்னொன்று, அதை வேறு இனத்துக்கு மாற்றி வைத்த தார்ன், 1949. யார் இந்த தார்ன் என்கிறீர்களா? அமெரிக்க வேளாண் துறையில் காப்புடன் சேர்ந்து மண்ணைச் சலித்தவர்தான்!