இணையத்தின் முகவரி நோட்டை வைத்திருந்தவர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

போனில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம், பக்கம் உடனே திறக்கிறது. ஆனால் நெட்வொர்க்குக்கு அந்தப் பெயர் புரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். எந்த எண் யாருக்கு என்ற கணக்கை கால் நூற்றாண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டவர், தாடியும் செருப்புமாக ஆபீஸுக்கு வந்த ஒரு கலிஃபோர்னியாக்காரர்.

ஜான் போஸ்டல் பிறந்தது 1943இல். 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், அவர் படித்துக்கொண்டிருந்த யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில்தான் முதல் கணினியைப் பெற்றது. வெவ்வேறு கம்பெனிகளின் கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால், யார் எப்படிப் பேசுவது என்று முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாட்டுக்குப் பெயர்தான் புரோட்டோகால். அதில் எண்களும் உண்டு. ஒரே கணினிக்கு மெயிலும் வரும், ஃபைலும் வரும். எது எந்த வாசலுக்குப் போகணும்? மெயிலுக்கு 25 என்று ஒரு போர்ட் எண். இதையெல்லாம் ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்று 1972இல் யோசனை சொன்னார் போஸ்டல். யோசனை சொன்னவர் தலையிலேயே வேலை விழுந்தது. நம்மூர் ஆபீஸ்களில் நடப்பதுதான்!

1981இல் வந்த ஐபி, டிசிபி விதிமுறைகளைத் தொகுத்தவர் அவர். ஐபி ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி ஒட்டி அனுப்புகிறது. வழியில் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கி, வரிசைப்படுத்துவது டிசிபி. அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடு என்பது அவர் கொள்கை. இணையம் இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

அப்போதெல்லாம் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஃபைலில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. மாற்று வழி தேடும் வேலையைச் சக ஊழியர் பால் மொக்கபெட்ரிஸிடம் கொடுத்தார் போஸ்டல். 1983இல் டிஎன்எஸ் பிறந்தது. டாட் காம் எங்கே, டாட் இன் எங்கே என்று முதல் வழி காட்டுபவை ரூட் சர்வர்கள். நாட்டுக் குறியீடுகளைக் கொடுப்பதில் போஸ்டல் உஷாராக இருந்தார். எது நாடு, எது இல்லை என்று தானே முடிவெடுக்காமல், ஐஎஸ்ஓ பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். 1989இல் இந்தியாவின் டாட் இன் வந்ததும் அந்த வழியில்தான்.

1990களில் பணம் உள்ளே வந்தது. அரசு ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனம் 1995 முதல் டொமைன் பெயருக்குக் கட்டணம் வாங்கியது. தலைமை ரூட் சர்வரும் அதன் கையில். மற்ற 12 சர்வர்களும் அதைப் பார்த்துத்தான் நகலெடுத்தன. 1998 ஜனவரி 28 அன்று, அவற்றில் 8 சர்வர்களை நடத்தியவர்களுக்கு போஸ்டல் ஒரு மெயில் போட்டார்: இனி என் கணினியிலிருந்து நகலெடுங்கள். எல்லோரும் மாறினார்கள். அதிகாரத்தால் அல்ல, கேட்டது ஜான் என்பதால்.

இணையம் உடையவில்லை. பயனாளர்கள் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் வாஷிங்டன் பதறியது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசைனர் போனில் பேசினார். இது வெறும் சோதனை என்று சொல்லி, எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார் போஸ்டல். சோதனைதானா, இணையம் யாருக்குச் சொந்தம் என்று காட்டினாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டுமாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் ஒரு மனிதர், ஒரு மெயில் என்ற ஏற்பாடு இனி செல்லாது என்று எல்லோருக்கும் புரிந்துபோனது. முகவரிப் பொறுப்பை ஏற்க அந்த செப்டம்பரில் ஐகேன் அமைப்பு பதிவானது. அதை உருவாக்குவதில் போஸ்டலே முன்னின்றார். சில வாரங்களில், அக்டோபர் 16 அன்று, இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 55 வயதில் இறந்தார்.

அவர் பல ஆண்டுகள் திருத்தி வெளியிட்டுவந்த இணைய விதிமுறை ஆவணங்களின் வரிசையில் 2468ஆவது, அவரைப் பற்றிய அஞ்சலி. எழுதியவர், யுசிஎல்ஏ காலத்திலிருந்தே உடன் வேலை பார்த்த வின்ட் செர்ஃப்.