நாற்சந்திக்கு நெறி வகுத்தவர்

தைப்பூசத்தையொட்டி எடப்பாடியிலிருந்து பல்லாயிரவர் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்லும் காட்சியை மாணவர் பலரும் கண்டிருப்பீர்கள். அத்துணைப் பெருங்கூட்டமும் ஒரே திசை நோக்கிச் செல்லுதலின் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வதில்லை. அவர்களுள் இருபதின்மரே சந்தை நாளில் நான்கு தெருக்களிலிருந்தும் ஒரு முச்சில் வந்து கூடுவாராயின், மிதிவண்டியும் லாரியும் மாட்டுவண்டியும் ஒன்றோடொன்று சிக்குண்டு நின்றுவிடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை இளமையிலேயே உணர்ந்து, அதனைக் களைவதற்கே வாழ்நாளைச் செலவிட்டவர் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்பவர்.

ஈனோ 1858ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் பெருஞ்செல்வர். 1867ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவராக அன்னையாருடன் குதிரைவண்டியில் சென்றபோது, தெருவொன்றில் வண்டிகள் நெருக்குண்டு நெடுநேரம் நின்றன. ஆங்கிருந்தவை பத்துப் பன்னிரண்டு வண்டிகளே. ஆயினும், எவ்வண்டி முதலில் விலகுதல் வேண்டும் என்பதை ஓட்டுநரும் அறிந்திலர், காவலரும் அறிந்திலர். மற்றைச் சிறுவர் அதனை மறுநாளே மறந்திருப்பர். ஈனோ மறக்கவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, தந்தையாரின் தொழிலில் சில்லாண்டுகள் ஈடுபட்டிருந்தார். பின்னர் அதனைத் துறந்து, தெருக்களின் சீர்கேட்டை ஆராயலானார். 1900ஆம் ஆண்டில் அதுபற்றிக் கட்டுரை எழுதினார். 1903ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் அவர் வகுத்த விதிகளை ஏற்றுக்கொண்டது. மெல்லச் செல்லும் வண்டிகள் தெருவின் ஓரத்தை ஒட்டியே செல்லுதல் வேண்டும். நிற்பவரும் திரும்புபவரும் கையையோ சாட்டையையோ உயர்த்திப் பின்வருவோர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். இவை போல்வனவே அவ்விதிகள். இன்று நமக்கு இவை எளியவாய்த் தோன்றுகின்றன. தெருவில் வலியவனே முந்துவான் என்றிருந்த காலத்தில், செல்வர் வண்டியும் சுமைவண்டியும் ஒரே விதிக்கு அடங்குதல் எளிதன்று. விதிகளை அச்சிட்டு வழங்கும் செலவையும் ஈனோவே ஏற்றார்.

அவருடைய செயல்களுள் யான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. கொலம்பஸ் வட்டம் என்னும் இடத்தில் பல தெருக்கள் கூடுகின்றன. அங்கே வண்டிகள் அனைத்தும் நடுத்திடலை ஒரே திசையிற் சுற்றிச் செல்லுமாறு 1905ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார். இதன் நுட்பத்தை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எதிரெதிரே விரைந்துவரும் வண்டிகள் மோதின் உயிர்ச்சேதம் நேரும். ஒரே திசையிற் செல்வன தவறிப் பட்டாலும் பெரும்பாலும் உரசி விலகும். வளைந்து செல்ல வேண்டியிருத்தலின் விரைவும் தானே குறையும். காவடிக் கூட்டத்தின் ஒழுங்கை நாற்சந்திக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

நடந்து செல்வோரையும் அவர் மறந்தாரல்லர். அகன்ற தெருவை ஒரே மூச்சிற் கடக்கமாட்டாத முதியோரும் சிறுவரும் நடுவே நின்று இளைப்பாறத் திட்டுகள் அமைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். இலண்டன், பாரிஸ் நகரங்களின் போக்குவரத்தைச் சீர்செய்யவும் திட்டங்கள் வகுத்தளித்தார்.

எனினும், அவர்தம் முதல் விதிகள் குதிரையின் வேகத்தை நினைந்து எழுதப்பட்டவை. மோட்டார் வண்டி பெருகிய பின்னர், ஒழுங்கு மட்டும் போதாதாயிற்று. விரைவைக் கட்டுப்படுத்தலும் வேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

1921ஆம் ஆண்டில் ஈனோ போக்குவரத்து ஆராய்ச்சிக்கென அறநிலையம் ஒன்றை நிறுவினார். 1945ஆம் ஆண்டில் தமது எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். குதிரையேற்றத்தில் பெருவிருப்புடைய அவர், மோட்டார் வண்டி ஓட்டக் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை.