பெத்த பிள்ளையை மறைத்த டாக்டர்... சிறப்புக் குழந்தைகளின் டீச்சர் ஆன கதை!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருக்கிறவரா நீங்க? சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது உங்க வட்டார வள மையத்தை ஒருமுறை எட்டிப் பாருங்க. ஒரு குழந்தை மணி கோத்துக்கிட்டு இருக்கலாம். இன்னொரு குழந்தை உப்புத்தாளில் வெட்டின எழுத்தை விரலால் தடவிக்கிட்டு இருக்கலாம். பார்க்கிறவங்களுக்கு அது விளையாட்டு. ஆனா, அதுக்குப் பின்னால 120 வருஷத்தைத் தாண்டின ஒரு கதை இருக்கு. கதையின் நாயகி நம்ம அடையாறிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர்தான். பெயர், மரியா மாண்டிசோரி.

ரொட்டித் துணுக்கும் ஒரு கேள்வியும்

1870, ஆகஸ்ட் 31. இத்தாலியில் பிறந்தார் மரியா. பெண்கள் மருத்துவம் படிப்பதையே ஊர் முறைத்துப் பார்த்த காலத்தில், 1896-ல் டாக்டர் ஆனார். ரோம் நகரத்து மனநலக் காப்பகங்களுக்குப் போனபோது, அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளை வெறும் அறையில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தார். சாப்பிட்ட பிறகு தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்குவதாகக் காவல்காரி முகம் சுளித்தாராம். மரியாவுக்கோ வேறொண்ணு தோன்றியது. தொட்டுப் பார்க்க, பிடித்து விளையாட அந்த அறையில் வேறு எதுவுமே இல்லையே!

இது மருந்தால் மட்டும் தீர்வதில்லை, கற்பிக்கும் முறையும் மாறணும் என்று முடிவெடுத்தார். பிரான்ஸின் இட்டார், செகான் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தார். 1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளிக்கு இணை இயக்குநர் ஆனார். ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கவனித்துக் குறிப்பு எடுத்தார். யாருக்கு எது வருது, எங்கே தடுமாறுது என்று பார்த்து, அதுக்கேற்ற பொருளைக் கையில் கொடுத்தார். மரத்தில் செய்த எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். முடியாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர், சாதாரணப் பள்ளித் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. மரியாவோ, அப்போ மற்ற பிள்ளைகளை நம்ம பள்ளிக்கூடங்கள் எந்த லட்சணத்தில் வைத்திருக்கின்றன என்று யோசித்தார். 1907-ல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கு அந்தக் கேள்விதான் விதை.

வீட்டில் இல்லாத குழந்தை

ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓடியவரால், தன் பிள்ளையை வளர்க்க முடியவில்லை. 1898-ல் மகன் மரியோ பிறந்தபோது அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. வெளியே தெரிந்தால் வேலை, பெயர் எல்லாம் போயிடும். அதனால் கிராமத்துக் குடும்பம் ஒன்றிடம் குழந்தை வளர்ந்தது. பதின்வயதில்தான் மரியோ அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அப்பவும் வெளி உலகத்துக்கு அவர் உறவுக்காரப் பையன்தான்!

1939-ல் இருவரும் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார்கள். பயிற்சிக்கு ஆசிரியர்கள் குவிந்தார்கள். 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ அகமத்நகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். மரியாவின் 70-வது பிறந்தநாளில், பரிசாக மகனை விடுவித்தது பிரிட்டிஷ் அரசு. மறைத்து வைத்த உறவு அன்னைக்குத்தான் ஊரறிய வெளிவந்தது.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

மரியா தமிழ்நாட்டில் இருந்த 1943-ல்தான், அமெரிக்காவில் லியோ கானர் ஆட்டிசம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். ஆக, மரியா ஆட்டிசத்துக்கு வைத்தியம் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது தப்பு. ஆனா முதலில் கவனி, சின்னச் சின்ன இலக்கு வை, பிள்ளையின் வேகத்தில் போ, பிறகு முறையை மாற்று என்ற அவருடைய வழி, இன்றைய தனிநபர் கல்வித் திட்டத்திலும் இருக்கு. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் அதோடு கைகோத்துப் போகுது. 2007 வாக்கில் நம்ம அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அட்டை எடுத்துப் படித்த செயல்வழிக் கற்றலிலும் அவர் சாயல் உண்டு.

1946-ல் இந்தியாவிலிருந்து கிளம்பிய மரியா, 1952, மே 6 அன்று நெதர்லாந்தில் மறைந்தார்.

உங்க தெருவில், சொந்தத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கா? எப்போ பேசும், எப்போ சரியாகும் என்று அந்த அம்மாவைக் குடையாதீங்க. இப்போ என்ன கத்துக்கிட்டு இருக்கான் என்று கேளுங்க. வேப்பந்தட்டையோ செந்துறையோ, பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்தால் வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் வழிகாட்டுவாங்க. அந்தக் குழந்தையை மட்டும் யாரும் மறைத்து வைக்க வேண்டாம். மறைப்பதன் வலி மரியாவுக்குத் தெரியும்!