காப்பிய மாந்தரை எடைபோட்டவர்: வ.வே.சு. ஐயர்

காப்பியங்களைப் போற்றுவோர் பலர். அவற்றிற்கு உரை கூறுவோரும் பலர். காப்பிய மாந்தரை நம்மைப் போன்ற நெஞ்சுடையவராகக் கண்டு, அவர்தம் நிறையையும் குறையையும் ஒரே தராசில் இட்டு எடைபோட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னர் வைத்து எண்ணத்தக்கவர் வ.வே.சு. ஐயர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் வாலி வதை குறித்துப் பேச்செழுந்த மாலைகள் பல. சுரங்கப் பணி முடித்து நேரே வந்தமர்ந்த அன்பர்களும், இல்லப் பணிகளை ஒதுக்கிவிட்டு வந்த மகளிரும், மறைந்து நின்று அம்பெய்தது அறமா என்று வழக்காடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். தெய்வமாக வணங்கப்பெறும் தலைவனையும் கேள்வி கேட்கலாம். கேட்பதால் பத்தி குறைந்துவிடாது. இத்துணிவைத் தமிழ்த் திறனாய்வுக்கு அளித்த முன்னோடிகளுள் ஐயரும் ஒருவர். அவர் வாழ்வின் இறுதி ஆண்டில் அத்தகைய வழக்கொன்று அவர்மீதே தொடுக்கப்பட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில், 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் வேங்கடேச ஐயரின் மகனாகத் தோன்றியவர் சுப்பிரமணியம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றார். அங்குக் கற்ற இலத்தீன் மொழி பின்னாளில் மேலைக் காப்பிய உலகின் கதவுகளை அவருக்குத் திறந்துவிட்டது. வழக்கறிஞராகத் திருச்சியில் சிலகாலம் தொழில் நடத்தினார். 1906இல் இரங்கூன் சென்றார். அங்கிருந்து பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் இலண்டன் சேர்ந்தார்.

இலண்டனில் இந்தியா விடுதியும் சாவர்க்கரின் நட்பும் அவர் வாழ்க்கையின் திசையை மாற்றின. சட்டக் கல்வியை முடித்தும், ஆங்கில மன்னருக்குப் பணிந்து உறுதிமொழி கூற மனமின்றிப் பட்டத்தைத் துறந்தார். 1910இல் சாவர்க்கர் சிறைப்பட்டபின் ஐயரையும் பிடிக்க வலை விரிக்கப்பட்டது. மாறுவேடம் பூண்டு இங்கிலாந்தை விட்டு வெளியேறியவர், பல நாடுகளைக் கடந்து அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார்.

புதுவையில் பத்தாண்டு

நம் நெய்வேலியிலிருந்து ஒரு காலைப் பயணத் தொலைவில் உள்ளது புதுவை. பாரதியாரும் அரவிந்தரும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்த காலம் அது. படையெடுக்கும் கனவோடு வந்த ஐயரின் கை, படிப்படியாக எழுதுகோலைப் பற்றியது. 1914இல் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசிச் சென்றபின், புதுவையில் இருந்த நாட்டுப்பற்றாளர்களைக் கடல் கடந்து அனுப்பிவிடக்கூடும் என்ற அச்சம் பரவியது. நாடு கடத்தப்படுமுன் தாய்மொழிக்கு ஒரு தொண்டேனும் செய்துவிட வேண்டும் என்னும் தவிப்பில் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார் என்பர். அம்மொழிபெயர்ப்பு 1916இல் வெளிவந்தது.

அவர் அமைத்த நூல் வெளியீட்டகத்தின் பெயரே கம்ப நிலையம். துப்பாக்கி பயின்ற கைகள் நிறுவிய நிலையத்திற்குக் கவிஞன் பெயர் வாய்த்தது எண்ணி மகிழத்தக்கது. அக்காலத்தில் அவர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் என்னும் கதை, தமிழ்ச் சிறுகதை வரலாற்றின் தொடக்கத்தில் வைத்துப் பேசப்படுவது. தாகூரின் கதையொன்றின் சாயல் அதில் உண்டு என்பது ஆய்வாளர் துணிபு. எனினும், ஆர்பத்நாட் வங்கி முறிந்ததால் தந்தை பொருளிழக்க, புகுந்த வீட்டாரால் ஒதுக்கப்பட்டுக் குளத்தில் உயிர் துறக்கும் ருக்மிணி நம் மண்ணின் மகளே. காப்பியத் தலைவியர்க்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட அவலத்தை ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கும் உரியதாக்கினார் ஐயர்.

சிறையில் விளைந்த நூல்

பொது மன்னிப்பின் பயனாக 1920இல் புதுவையை விட்டு வெளிவந்தார். ஆயுதப் புரட்சியில் கொண்டிருந்த நம்பிக்கை நீங்கி, காந்தியடிகளின் அறவழியை ஏற்றிருந்தார். திரு.வி.க.வை அடுத்து தேசபக்தன் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர், அதில் வெளிவந்த எழுத்துக்காக 1921இல் தண்டிக்கப்பட்டு, ஒன்பது திங்கள் பெல்லாரிச் சிறையில் அடைபட்டார்.

அச்சிறையில்தான் கம்பராமாயணம் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு நூல் உருவாயிற்று. ஓமர், வர்ஜில், மில்டன் ஆகிய மேலைப் பெருங்கவிஞரோடும் வான்மீகியாரோடும் கம்பனை ஒப்புநோக்கி, கம்பனே உயர்ந்து நிற்கிறான் என்று வாதிடும் நூல் அது. முடிவை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அவர் கையாண்ட முறையே நமக்குரிய செல்வம். காப்பியத்தின் கட்டுக்கோப்பை ஆராய்ந்து, பாத்திரங்களை ஒவ்வொருவராக முன்னிறுத்தி, அவர்தம் சொல்லையும் செயலையும் சான்றாகக் கொண்டு மதிப்பிடும் முறை அது. இராவணனைக் கொடியவன் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டால் காப்பியம் சிறுத்துவிடும். செய்ந்நன்றிக்காக உயிர் கொடுக்கும் கும்பகருணனும், தந்தையை இடித்துரைத்தும் அவன் பொருட்டே போரிட்டு மடியும் இந்திரசித்தும் பகைவர் பக்கத்துப் பெருமக்கள். இவர்களைக் காணும் கண் தமிழ் மாணவர்க்கு வாய்த்ததில் ஐயருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நூலை அச்சில் காண அவர் இருக்கவில்லை. அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1950இல், டில்லித் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது.

சேரன்மாதேவி

விடுதலை பெற்ற ஐயர், 1922இன் இறுதியில் பொருநையாற்றங்கரையில் உள்ள சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று ஆகியவை அதன் நோக்கங்கள். பாலபாரதி என்னும் திங்களிதழையும் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரசு பொருளுதவி செய்தது. பல வகுப்பினரும் நன்கொடை வழங்கினர்.

அங்கு இரு பிராமணச் சிறுவர்க்கு, அவர்தம் பெற்றோர் விருப்பத்திற்கு இணங்கித் தனியே உணவு அளிக்கப்பட்டது. செய்தி வெளியானதும் தமிழகமே கொந்தளித்தது. பொதுப் பணத்தில் நடக்கும் தேசியக் கல்விக்கூடத்தில் பந்தி வேற்றுமை தகுமோ என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் வினவினர். காந்தியடிகள் தலையிட்டு இணக்கம் காண முயன்றும் பிணக்கு தீரவில்லை. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீற இயலாது என்பது ஐயர் தரப்பு. இறுதியில் 1925இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

இவ்விடத்தில் கம்பன் நம் முன் வந்து நிற்கிறான். கங்கைக் கரையில் வேடர் தலைவனாகிய குகன் தேனும் மீனும் கொண்டு வருகிறான். சூழ்ந்திருக்கும் முனிவரின் எண்ணம் அறிந்து இராமன் புன்முறுவல் பூக்கிறான். அன்பினால் கொணர்ந்தவை அமிழ்தினும் சிறந்தவை, யாமும் உண்டவர் போன்றோமே என்கிறான். பின்னர் அவ்வேடனையே உடன்பிறந்தோருள் ஒருவனாக எண்ணுகிறான். உணவைக் கொண்டே உறவை அளந்து காட்டும் இப்படலத்தைக் கம்பனில் தோய்ந்த ஐயர் எத்தனை முறை ஓதியிருப்பார்! அத்தகையவர் அமைத்த கூடத்தில் இரண்டு இலைகள் தனியே இடப்பட்டன. வாக்குத் தவறாமை ஓர் அறம். வேற்றுமை பாராட்டாமை அதனினும் பெரிய அறம். இரண்டும் மோதியபோது ஐயர் சிறியதைப் பற்றிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தனித்திருந்து உண்ட இருவரினும், அதனைப் பார்த்துக்கொண்டே உண்ட ஏனைச் சிறுவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதே ஆசிரியை என்ற முறையில் என்னை வருத்தும் வினா.

பாபநாச அருவி

அவ்வாண்டு சூன் 3ஆம் நாள், மாணவர்களுடனும் மகள் சுபத்திரையுடனும் பாபநாசம் அருவிப் பகுதிக்குச் சென்றார். கால் தவறி நீரில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்தார். மகளோடு தந்தையும் வெள்ளத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. குளத்தில் மறைந்த ருக்மிணிக்காகத் தமிழரைக் கண்ணீர் விடச் செய்தவர், அருவியில் மகளைப் பிரிய மனமின்றி உடன் சென்றார். மாறுபட்ட கருத்துடையோரும் அன்று கலங்கினர்.

நிறைவாக

கம்பனில் வாலி கேட்கும் வினாக்கள் கூர்மையானவை. மறைந்து நின்று எய்தமைக்குரிய விடையை இலக்குவன் வாயிலாகவே தருகிறான் கவிஞன். வினாவை மட்டும் அழிக்காமல் விட்டுவைக்கிறான். அதனால் இராமன் பெருமை குன்றவில்லை. காப்பியத்தின் பெருமை வளர்ந்தது. ஐயரின் வரலாற்றையும் அவ்வாறே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரைப் போற்றுவோர் சேரன்மாதேவியை ஓரிரு வரியில் கடந்துவிடுவதும், அவரைப் பழிப்போர் பெல்லாரிச் சிறையை மறந்துவிடுவதும் அவர் கற்பித்த முறைக்கு மாறானவை.

பல ஊர்களிலிருந்தும் பல மொழி பேசுவோரும் வந்து குடியேறி, ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நகரியம் நம்முடையது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள். அன்று எழுந்த வினாவுக்கும் இன்றைய அவ்வரிசைக்கும் தொடர்புண்டு. வகுப்பில் குகப் படலம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்: கம்பனை இவ்வாறு காண நமக்குக் கற்றுத் தந்தவர் ஐயர்; கம்பன் காட்டிய பந்தியில் அவரே ஓரிடத்தில் தயங்கி நின்றார். மாணவியர் சிறிது நேரம் பேசுவதில்லை. பிறகு வழக்காடத் தொடங்குகிறார்கள். அவ்வழக்காடலே ஐயருக்கு நாம் செய்யும் நன்றி.