இவான் பாவ்லவ்

குழித்துறையில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலிப் பொருட்காட்சி நடைபெறும். அங்கே உப்பிலிட்ட நெல்லிக்காயைக் கண்டால் அதனைச் சுவைத்தறிந்த சிறுவனுக்கு நாவூறும். ஒருமுறையேனும் சுவைத்தறியாதவனுக்கோ ஊறாது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் இவான் பாவ்லவ் என்னும் ரஷ்ய அறிஞர்.

இவர் 1849-ஆம் ஆண்டு ரியாசான் நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ குரு. மைந்தரும் குருவாதற்கென்றே சமயப்பள்ளியில் பயின்றார். ஆயினும் அறிவியல் நூல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1870-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்று உடலியல் கற்றார். வறுமை வாட்டியபோதும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். உணவு செரிக்கும் முறையை நாய்களைக் கொண்டு ஆராய்ந்தமைக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றார்.

அவ்வாராய்ச்சியினிடையே ஓர் இடையூறு நேர்ந்தது. உணவு வாயிற்படுமுன்பே, அதனைக் கொணர்பவரின் காலடியோசை கேட்ட அளவில் நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்தது. பிறராயின் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருப்பர். பாவ்லவோ, ஐம்பது வயதைக் கடந்த நிலையில், புகழ் தேடித்தந்த துறையை விட்டு அவ்விடையூற்றையே ஆராயத் துணிந்தார். நாய் என்ன நினைக்கிறது என ஊகித்தலை விலக்கி, சுரக்கும் துளிகளை மட்டுமே எண்ணினார். 1903-இல் மாட்ரிடு நகரில் கூடிய மருத்துவப் பேரவையில் தம் புதிய நெறியை விளக்கினார்.

உணவு வாயிற்பட்டதும் உமிழ்நீர் சுரத்தல் பிறவியிலேயே அமைந்தது. தாளக்கருவியின் ஒலிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒலியை எழுப்பி உடனே உணவளித்தலைப் பன்முறை செய்தபின், ஒலி ஒன்றே உமிழ்நீரை வரவழைத்தது. இவ்வகைக் கற்றலே ஆக்கநிலையுறுத்தல் எனப்படும். பின்னர் உணவின்றி ஒலியை மட்டும் எழுப்பிவர, சுரப்பு படிப்படியாகக் குறைந்து நின்றது. சிலகாலம் சென்றபின் அவ்வொலி மீண்டும் எழ, உமிழ்நீரும் சிறிது சுரந்தது. கற்றது அழியவில்லை, அடங்கியே இருந்தது.

1924-இல் லெனின்கிராடு நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. கூண்டுகளில் நீர் புகவே, நாய்கள் அரிதின் மீட்கப்பட்டன. அவற்றுட் சில, கற்றவற்றை இழந்தன. நெடுநாட் பயிற்சியால் அவற்றை மீண்டும் பெற்றபின்னும், கதவின்கீழ்ச் சிறிது நீர் கசிந்தோடக் கண்டால் நடுங்கின. உமிழ்நீர் சுரத்தல் மட்டுமன்றி அச்சமும் இவ்வாறு கற்கப்படக்கூடும் என்பதை அது காட்டிற்று.

தமக்கு உதவிய உயிர்களை மறவாத பாவ்லவ், 1935-இல் ஆராய்ச்சிக்கூட வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பச் செய்தார். மறு ஆண்டு, 86-ஆம் வயதில், இயற்கை எய்தினார். இன்று மருத்துவர்கள், அஞ்சிய பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்கி வீண் அச்சத்தைத் தணிக்கின்றனர். இடையூறென்று ஒதுக்கத்தக்க சில துளிகளை ஒருவர் எண்ணிப் பார்த்தமையால் விளைந்த பயன்களுள் இதுவும் ஒன்று.