நூல்நிலையத் தொண்டர் ரங்கநாதன்

உத்திரமேரூரை அடுத்த பெருநகரில் வீட்டு வரி செலுத்துவோர் அதனுடன் நூல்நிலைய வரியும் சேர்த்தே செலுத்துகின்றனர். 1948-ம் வருஷத்துச் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் விதித்த வரி அது. அச்சட்டத்திற்காக நெடுங்காலம் பாடுபட்ட சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதனின் சரித்திரத்தை வரி கொடுப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

1892-ல் தஞ்சை ஜில்லாவில் பிறந்த அவர், கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் கற்று, மங்களூர், கோவை, சென்னை நகரங்களில் ஆசிரியராயிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூல்நிலையத் தலைவரானார். அந்த உத்தியோகம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. தனிமை தாங்காமல், ஆசிரியத் தொழிலுக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டினார். லண்டன் சென்று பயின்று வந்தபின் பார்க்கலாம் என்றனர் மேலோர்.

சென்றார், கண்டார். ஆங்கிலேயர் நாட்டில் தொழிலாளருக்கும் குழந்தைகளுக்கும் நூல்நிலையங்கள் ஊழியம் செய்தன. 1925-ல் திரும்பியவர் வேறு மனிதர். அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். வந்தவர் தேவையைக் கேட்டறிந்து உதவுவதற்கென்றே பணியாளரை அமர்த்தினார். எவரும் தொடாத நூல் எத்துணை உயர்ந்ததாயினும் பயனற்றதென்பதும், வாசகரின் தேவையே நூல் வாங்குவதற்கு அளவுகோல் என்பதும் 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம். நம் நூல்நிலைய நிர்வாகிகளிற் பலர் புத்தகக் கணக்கைக் கேட்டால் மார்தட்டுவர். வாசகர் கணக்கைக் கேட்டால் மௌனம் சாதிப்பர்!

பட்டணத்தோடு அவர் நிற்கவில்லை. அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியபோது உடன் நின்று ஊக்கினார். நூல்நிலையம் தனவந்தரின் தயவில் நடக்குமாயின், அவர் கொடுத்ததைத்தான் ஊரார் படிக்கவேண்டியிருக்கும். ஊரார் பணத்தில் நடந்தாலன்றோ வேண்டியதைக் கேட்கும் உரிமை உண்டாகும்? ஆகவே சட்டம் வேண்டுமென வாதாடினார். 1930-ல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி மசோதாவொன்றை முன்வைத்தார். பதினெட்டாண்டுகள் கழித்து, சுதந்திரம் வந்தபின், ஓமந்தூரார் மந்திரிசபையில் கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்திலேயே சட்டம் நிறைவேறிற்று. ஜில்லாதோறும் நூல்நிலைய ஆணைக்குழுக்கள் அமைய அது வழி வகுத்தது.

பிற்காலத்தில், தாம் சேர்த்த பொருளில் ஒரு லட்சம் ரூபாயை மனைவி சாரதையின் பெயரால், நூல்நிலையக் கலைக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தும்பொருட்டுச் சென்னைச் சர்வகலாசாலைக்கே வழங்கினார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.