கப்பல் ஓட்டிய வ.உ.சி. மரணப் படுக்கையில் கடன் கணக்கு எழுதியது ஏன்?

சம்பளம் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஜார்ஜ்டவுன்ல அறை வாடகை போச்சு, மோட்டார் சைக்கிள் தவணை போச்சு, பிடிபிடிஎன் கல்விக் கடனும் கழிஞ்சாச்சு. மிச்சம் இருக்கிற வெள்ளியை வெச்சு மாசக் கடைசி வரைக்கும் ஓட்டணும். நாசி கண்டார் கடையில் இன்னொரு துண்டு கோழி கேட்கலாமா வேண்டாமா என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

கடன் என்றாலே ஊதாரித்தனம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அவர்களுக்கு ஒருவரின் கதையைச் சொல்லுங்கள். அவர் பெயர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 'கப்பலோட்டிய தமிழன்' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கப்பலுக்குப் பிறகு அவர் வாழ்ந்த 24 ஆண்டுகளைப் பற்றி நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

கப்பலுக்கும் பினாங்குக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் தாத்தாவோ பாட்டியோ 'ரஜூலா' கப்பலில் வந்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடிய அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமானது.

ரஜூலா கடலில் இறங்குவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு, அதே கம்பெனியை எதிர்த்துத்தான் வ.உ.சி. கப்பல் விட்டார். 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா வழியில் அவரும் வக்கீல். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கட்டணப் போட்டி மூண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பணம் எங்கே போச்சு?

1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி. துணை நின்றார். மார்ச் 12-ஆம் தேதி கைது செய்யப்பட்டார். ஜூலையில் தீர்ப்பு வந்தது: இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோவை, கண்ணனூர் சிறைகளில் நாலரை ஆண்டுக்கு மேல் இருந்தார். செக்கு இழுத்ததும் அப்போதுதான்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவரிடம் இருந்தது என்ன? கம்பெனி 1911-லேயே மூடப்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய அடி, வக்கீல் உரிமம் ரத்தானது. அதாவது, கடனும் குடும்பமும் அப்படியே இருக்க, சம்பாதிக்கிற வழியை மட்டும் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவரை வறுமையில் தள்ளியது செலவு இல்லை, வருமானம் அடைபட்டதுதான்.

சென்னையில் எப்படிச் சமாளித்தார்?

மனைவி மீனாட்சி அம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். ஒரு காலத்தில் கப்பல் வாங்கியவர், மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். வியாபாரம் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

நடுவில் எழுத்தையும் விடவில்லை. 'மெய்யறம்', 'மெய்யறிவு' போன்ற நூல்களை வெளியிட்டார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். தொழிற்சங்க வேலைகளிலும் ஈடுபட்டார். அதில் வந்த பணம் குறைவு, போன நேரம் அதிகம்.

குடும்பம் பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம், தென்னாப்பிரிக்கத் தமிழர்கள். அவர்களும் நம்மைப்போல் கடல் தாண்டிப் போனவர்கள்தான். டர்பன் நண்பர்கள் அவருக்குப் பணம் அனுப்பினார்கள். அங்கே திரட்டிய இன்னொரு தொகை காந்தியிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

347 ரூபாய் 12 அணா

காந்தி 1915-இல் சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். அந்தப் பணத்தைப் பற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. காந்தி விசாரிக்க, வ.உ.சி. பதில் எழுத, மாதங்கள் ஓடின. 1916-இன் தொடக்கத்தில் ஒருவழியாகப் பணம் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா.

கௌரவம் பார்த்து அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் நிலைமையில் இந்த உதவியை மறுத்தால் தனக்கும் குடும்பத்துக்கும் தானே தீங்கு செய்வதாகும் என்று காந்திக்கே வெளிப்படையாக எழுதினார். லட்சக்கணக்கில் பங்கு திரட்டிய மனிதர், சில நூறு ரூபாய்க்காகத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். அதில் கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

கடைசிக் கணக்கு

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார். ஆனால் இழந்த ஆண்டுகளின் வருமானம் திரும்பி வரவில்லை.

1936-இல் நோயில் விழுந்தபோது உயில் எழுதினார். உயில் என்றால் சொத்துப் பட்டியல் என்றுதான் நினைப்போம். அவர் உயிலில் கடனும் வரிசையாக இருக்கிறது: கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கி, வீட்டு வாடகை பாக்கி என்று யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவைத்தார். கடை வைத்திருப்பவர் ஏமாந்துவிடக் கூடாது, பிள்ளைகளும் இருட்டில் தடவக் கூடாது. அந்த ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி, அவர் விருப்பப்படியே, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. இன்று அந்த ஊர்த் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

வ.உ.சி.யின் கடனும் உங்கள் கடனும் ஒன்றில்லை. அவர் நாட்டுக்காக இழந்தார், நாம் படிப்புக்காக வாங்கினோம். ஆனாலும் அவர் செய்த இரண்டு விஷயங்களை நாமும் செய்யலாம்.

முதலாவது, உதவி கேட்பது. கட்ட முடியாத நிலை வந்தால் கடன் கொடுத்தவரின் போன் அழைப்பைத் தவிர்க்காதீர்கள், முதலில் நீங்களே போய்ப் பேசுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது.

இரண்டாவது, எழுதி வைப்பது. பல பேர் தங்கள் கடனின் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை, பயம்தான் காரணம். இன்று ராத்திரி ஒரு தாள் எடுங்கள். பிடிபிடிஎன், கிரெடிட் கார்டு, நண்பனிடம் கைமாத்தா வாங்கிய 50 வெள்ளி, எதையும் விடாமல் எழுதுங்கள். அந்தத் தாளை அவர் உயிர் போகிற நேரத்தில் எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.